ஒரே மாதிரி ரெண்டு கத்தி: ஒண்ணு 600, இன்னொண்ணு 4,500. ஏன்?

தேவனாம்பட்டினம்_தூண்டில்:
வணக்கம். ஞாயித்துக்கிழமைன்னா தூண்டிலோட கடற்கரைக்குப் போற ஆளு நான். மீன் சுத்தம் பண்ண மடக்காத கத்தி ஒண்ணு 600 ரூபாய்க்கு வாங்கினேன். ஆறு அங்குல அலகு, மரப்பிடி. துடைக்காம விட்டா துரு பூக்கும், மத்தபடி நல்லாத்தான் இருந்துச்சு. தெருவுல வர்ற சாணைக்காரர்கிட்ட ரெண்டு தடவ பிடிச்சேன். இப்போ நாலு சங்கரா வெட்டறதுக்குள்ள மழுங்கிடுது. போன வாரம் பாண்டில அச்சு அசலா அதே உருவத்துல ஒண்ணு பாத்தேன். கையால செஞ்சதாம், 4,500. பேருக்குத்தான் காசா?

முதுநகர்_மாமா:
துறைமுகத்துல அக்காங்க அருவாமனையில நாள் முழுக்க வஞ்சிரம் துண்டு போடறாங்க. 4,500-க்கு அருவாமனையோட வஞ்சிரமும் வந்துடும் தம்பி.

உலைக்களம்:
மாமா சொல்றதுல தப்பில்ல, ஆனா விலை வேற கதை. எங்க வீட்ல தாத்தா காலத்துப் பட்டறை, அதனால சொல்றேன்.

கம்பி, தகடு செய்யற சாதா இரும்புல கரி (கார்பன்) 0.2 சதவீதம்தான். எப்படிக் காய்ச்சி முக்கினாலும் கடினம் ஏறாது. லாரி வில்பட்டையில சுமார் 0.6, 1095-ன்னு சொல்ற கத்தி எஃகுல 0.95. அது ஏறும். 800 டிகிரிக்கு மேல காய்ச்சி எண்ணெயில முக்கணும். அந்த நேரம் அலகு கண்ணாடி மாதிரி, கீழ விழுந்தாலே ஒடையலாம். அதனால திரும்ப 200 டிகிரி சுமாருக்கு ரெண்டு மணி நேரம் வச்சு பதம் இறக்கணும், அப்பதான் ஒடையாம நிக்கும். முக்கும்போதே சிலது 'டிங்'னு விரியும். காதுல விழுந்தா அன்னைக்குச் சாப்பாடு இறங்காது. அந்த நஷ்டமும் பொழைச்ச கத்தி தலையிலதான் விடியும்.

அப்புறம் தேய்ப்பு. சூடேறாம, ஒவ்வொரு இழுப்புக்கும் தண்ணில நனைச்சுத் தேய்க்கணும். நாள் போறது இதுலதான். அவசரமா தேய்ச்சா ஓரம் நீலம் பூக்கும். நீலம் பூத்தா பதம் போச்சு, அந்த இடத்துல கடினம் இருக்காது.

ஆமா, உங்க சாணைக்காரர் தண்ணில நனைச்சுத் தேய்ச்சாரா? ஓரத்துல ஒரு அரத்தை லேசா இழுங்க, பிடிக்கிட்ட சாணை படாத இடத்துலயும் இழுங்க. அரம் வழுக்கினா கடினம் இருக்கு, கவ்வினா பதம் போச்சு.

தேவனாம்பட்டினம்_தூண்டில்:
அண்ணே, முனைப் பக்கம் ஓரத்துல நீலக்கோடு இருக்கு! இத்தனை நாள் மீன் கறைன்னு நினைச்சேன். பிடிக்கிட்ட அரம் வழுக்குது, ஓரத்துல கவ்வுது. தீப்பொறி பறந்தப்போ வேடிக்கை பாத்துட்டு நின்னேன்.

உலைக்களம்:
அப்போ கத்தி மேல குத்தம் இல்ல. தண்ணி விட்டுத் தேய்க்கற சாணைக்கல்லுல கையாலயே தேய்ங்க. நீலம் மறைஞ்ச பிறகும் இன்னும் கொஞ்சம் தேய்ங்க, பதம் கெட்டது கறைக்கு உள்ளயும் இருக்கும். அந்த 4,500 கத்தி கரி எஃகா இருந்தா அதுவும் உப்புக்காத்துக்குத் துருப்பிடிக்கும். தோல் உறையிலயே போட்டு வைக்காதீங்க, ஈரத்தைப் பிடிச்சுக்கும். துடைச்சுத் தேங்காண்ணெய் தடவிடுங்க.

முதுநகர்_மாமா:
கல்லு என்ன விலை தம்பி? எங்க வீட்டு அருவாமனையும் போன மாசம் அதே மாதிரி சாணைக்குத்தான் போச்சு.