ஒழுங்காக வாழ முயன்று மாட்டிக்கொண்ட கதை உங்களிடம் இருக்கிறதா?

மதுரைக்காரி:
இதை எங்கேயாவது இறக்கி வைத்தால்தான் எனக்குத் தூக்கம் வரும். போன மார்கழியில் அப்பாவுக்குப் பக்கவாதம். விடியற்காலை இரண்டே கால் மணி. வாய் ஒரு பக்கமாகக் கோணிவிட்டது, வலது கையைத் தூக்க முடியவில்லை. ஆம்புலன்ஸ் கதையெல்லாம் இப்போது வேண்டாம். கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும் என்பார்களே, அதற்குள் போய்விட்டோம், போட்டும் விட்டார்கள். அப்புறம் கவுண்டரில் காப்பீட்டு அட்டையைக் கேட்டார்கள்.

அதற்கு முந்தைய மூன்று மாதம் நான் உட்கார்ந்து வீட்டுக் காகிதம் அத்தனையையும் அடுக்கியிருந்தேன். நீல ஃபைல் வங்கி, பச்சை வீடு, சிவப்பு மருத்துவம். லேபிள் அடிக்க ஒரு மெஷின் வேறு வாங்கினேன். தம்பி வீட்டில் இருந்தான். "பீரோ, இரண்டாவது தட்டு, சிவப்பு ஃபைல், மூணாவது உறை" என்று போனில் சொன்னேன். அந்த நேரத்திலும் குரலில் ஒரு பெருமை இருந்தது, மறைப்பானேன்.

"அக்கா, உறை இருக்கு. உள்ள ஒண்ணும் இல்ல."

அம்மா பெஞ்சில் மஞ்சப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். திறந்தாள். கற்பூர டப்பா, வீட்டுச் சாவி, அப்பாவின் மாத்திரைச் சீட்டு, ரப்பர் பேண்ட் போட்ட காகிதக் கட்டு. கட்டில் மேலாகவே அட்டை. "உன் ஃபைல்ல இருந்தா எனக்கு எடுக்கத் தெரியாதேன்னு சாமி ரூம்ல வச்சிருந்தேன்மா."

நான் அவளைக் கத்தினேன். யாரைக் கேட்டு எடுத்தே என்று. அட்டை என் கையில் இருக்கிறது, நான் கத்திக்கொண்டிருக்கிறேன். எதிர் பெஞ்சில் இருந்த ஒரு அம்மா முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். அப்பா இப்போது கம்பு ஊன்றி வாசல் வரை நடக்கிறார். எனக்கு அந்த அம்மா முகத்தைத் திருப்பியது மட்டும் போகமாட்டேன் என்கிறது.

ஓசூர் ஷிப்ட்:
அக்கா, நானும் இதே கேஸ்தான், ஆனால் ஆஸ்பத்திரி வரை போகவில்லை. வண்டி உதிரி பாகம் செய்யும் ஆலையில் வேலை. வேலை செய்யும் இடத்தை ஒழுங்காக வைக்க ஜப்பான்காரர்கள் வகுத்த ஐந்து படி, 5எஸ் என்பார்கள், அது எங்களுக்கு வேதம். செய்ரி, செய்டோன், செய்சோ, செய்கெட்சு, ஷிட்சுகே என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பேன். ஸ்பேனர் மாட்டும் பலகையில் ஒவ்வொரு ஸ்பேனரின் உருவமும் வரைந்திருக்கும். ஒன்று குறைந்தால் பத்தடி தள்ளி நின்றாலும் கண்ணில் படும்.

இதை வீட்டுக்குக் கொண்டு வந்தேன். சமையலறைச் சுவரில் கரண்டி, ஜல்லிக்கரண்டி, தோசைத்திருப்பிக்கெல்லாம் கோடு போட்டேன். வீட்டுக்காரம்மா ஒன்றும் சொல்லவில்லை. அடுத்தது சிவப்புச் சீட்டு. தேவையா இல்லையா என்று தெரியாத பொருளுக்கு ஆலையில் ஒரு சிவப்புச் சீட்டு கட்டுவோம். பொருள், தேதி, காரணம், முடிவு என்று நாலு கட்டம் இருக்கும். இருபது சீட்டு கொண்டு வந்து அவள் தையல் மெஷின், ஓட்டை விழுந்த இட்லித்தட்டு, கல்யாண நெகட்டிவ் எல்லாவற்றிலும் கட்டிவிட்டு நைட் ஷிப்ட் போனேன்.

காலையில் வந்து பார்த்தால் பரணுக்குக் கீழே என் மொபைல் போன்களின் காலிப் பெட்டிகள் வரிசையாக நிற்கின்றன. அதன்மேல் ஒரே ஒரு சீட்டு. பொருள்: காலிப் பெட்டி 11. காரணம்: கேட்டால் பதில் இல்லை. முடிவு: மாமியாரைக் கேட்கவும்.

பேனாவால் அழகாக எழுதியிருந்தாள். அம்மாவைக் கேட்கவில்லை, நானே தூக்கிப் போட்டேன். இரண்டைத் தவிர. ஐந்தாவது எஸ் மட்டும்தான் இன்னும் வரவில்லை, அது கட்டுப்பாடு. 21 நாள் விடாமல் செய்தால் தானாக வந்துவிடும் என்று ட்ரெயினிங்கில் சொன்னார்கள். திரும்ப ஆரம்பிக்க வேண்டும்.

சாவி ஆணி:
இந்த 21 நாள் கதையை முதலில் நிறுத்துங்கள் தம்பி. மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்று ஒரு அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன். அறுவை முடிந்தவர்களுக்குப் புது முகம் பழகக் குறைந்தது 21 நாளாவது ஆகிறது என்று 1960-ல் எழுதினார். "குறைந்தது" என்ற சொல்லை வழியில் யாரோ தின்றுவிட்டார்கள், முகம் என்பதும் போய்விட்டது, மிச்சம் வெறும் 21. லண்டனில் ஃபிலிப்பா லாலி என்ற ஆய்வாளரின் குழு 96 பேரை வைத்துப் பார்த்தது. 2010-ல் அச்சானது. சாப்பாட்டோடு தண்ணீர் குடிப்பது, ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் ஓடுவது மாதிரி அவரவர் ஒரு பழக்கத்தை எடுத்துக்கொண்டார்கள். அது தானாக நடக்கும் நிலைக்கு வரச் சராசரியாக 66 நாள். கணக்குப்படி ஒருவருக்கு 18, இன்னொருவருக்கு 254. நடுவில் ஒரு நாள் விட்டவர்களுக்குக் குடி ஒன்றும் முழுகவில்லை. இதை அழுத்திச் சொல்கிறேன். ஒரு நாள் விட்டதும் "சரி, போச்சு" என்று மொத்தமாக விடுகிறவர்கள்தான் நம்மில் அதிகம். 22-ஆம் நாள் ஒன்றும் நடக்கவில்லையே என்று விட்டவர்களையும் பார்த்திருக்கிறேன், நானே அப்படி காலை நாலரை மணி எழுவதை விட்டவன்தான்.

என் கதை சின்னது. தினமும் சாவி தேடுவேன். வாசலுக்கு உள்பக்கம் ஒரு ஆணி அடித்தேன், செருப்பைக் கழற்றும் முன் சாவி ஆணிக்கு. வேறு எதையும் மாற்றவில்லை. ஏழு வாரம் இருக்கும், மாமனார் வீட்டுக்குப் போனேன். உள்ளே நுழைந்ததும் கை தானாகச் சுவருக்குப் போய்ச் சாவியை மாட்டியது. அங்கே ஆணி இல்லை. சாவி விழுந்து மாமனாரின் காப்பி டம்ளரில் பட்டு ஒரு சத்தம். எல்லோரும் என்னைப் பார்க்கிறார்கள், எனக்கோ உள்ளுக்குள் ஒரே சந்தோஷம்.

ஓசூர் ஷிப்ட்:
அண்ணே, 66-ம் சராசரிதானே? நீங்கள் 21-ஐ எடுத்துவிட்டு அதே இடத்தில் 66-ஐ மாட்டுகிறீர்கள்.

சாவி ஆணி:
18 முதல் 254 வரை என்று எழுதியிருக்கிறேன். படிக்கவும்.

ஓய்வுபெற்ற கிளார்க்:
மதுரைச் சகோதரிக்கு. 34 வருடம் கவுண்டரில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். கணவர் இறந்த பதினாறாம் நாள் கழித்து ஒரு பெண் வந்தார். எந்தக் காகிதமும் இல்லை, கையில் ஒரு டைரி மட்டும். அதில் முழுக்கப் பால் கணக்கு. அவரைத் திருப்பி அனுப்பினேன். அவ்வளவுதான் என் கதை.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது. காப்பீட்டு அட்டையே கையில் இருக்க வேண்டும் என்று இல்லை, எண் இருந்தால் பெரும்பாலும் போதும். போட்டோ எடுத்து வீட்டில் எல்லோர் போனிலும் வையுங்கள். ஓட்டுநர் உரிமம், ஆர்சி புத்தகம் அரசின் டிஜிலாக்கர் செயலியில் இருந்தால் அசலுக்குச் சமம். வேலைக்குப் போகிற பிள்ளைகள் இருந்தால் பிஎஃப் நாமினியைப் பாருங்கள். கல்யாணத்துக்கு முன், குடும்பம் என்று யாரும் இல்லாதபோது எழுதிய நாமினேஷன், கல்யாணம் ஆனதும் செல்லாது. திரும்ப எழுத வேண்டும். இது பாதிப் பேருக்குத் தெரியாது, எழுதாமலே போய்ச் சேர்ந்தவர்கள் குடும்பம் அலைவதைப் பார்த்திருக்கிறேன். வீட்டுப் பத்திரத்தைத் தயவுசெய்து லேமினேட் செய்யாதீர்கள், பின்பக்கத்தில்தான் பதிவு அலுவலக முத்திரை இருக்கும். தாய்ப்பத்திரத்தைத் தனியாக வையுங்கள். தொலைந்தால் போலீஸில் புகார், பத்திரிகையில் விளம்பரம், கண்டுபிடிக்க முடியவில்லை என்ற சான்று, அப்புறம் சார்பதிவாளரிடம் நகல் என்று செருப்பு தேயும். வருடத்துக்கு ஒருமுறை, ஆயுத பூஜைக்கு ஆபீஸில் ஃபைல் துடைப்போமே, அன்றைக்கே வீட்டுக் காகிதத்தையும் எடுத்துப் பாருங்கள். போகிக்கு முன்னால் மட்டும் வேண்டாம், அவசரத்தில் எரித்துவிடுவீர்கள். எங்கள் தெருவில் ஒருவர் எரித்தார்.

மதுரைக்காரி:
சார், கோபித்துக்கொள்ளாதீர்கள். நான் காகிதம் வைக்கிற முறையைக் கேட்கவில்லை. முறை என்னிடம் இருந்தது, லேபிளோடு. அட்டையைக் கண்டுபிடித்தது அம்மாவின் முறை. அதை நான் முறை என்றே நினைத்ததில்லை என்பதுதான் உறுத்துகிறது.

அந்த டைரிப் பெண்ணைத் திருப்பி அனுப்பினேன் என்றீர்களே. அவர் மறுபடி வந்தாரா?

ஓய்வுபெற்ற கிளார்க்:
வந்தார். அன்றைக்கு நான் லீவு.

ஸ்கார்பரோ:
மஞ்சப்பை என்றதும் எழுத வேணும் போல இருந்தது. நாங்கள் யாழ்ப்பாணம். 1995 ஒக்டோபர் கடைசியில், சண்டை நேரம், எங்கட வலிகாமம் பகுதிச் சனம் முழுக்க ஒரே ராத்திரியில் ஊரை விட்டு வெளிக்கிட்டது. எனக்கு ஏழு வயது. நாவற்குழிப் பாலத்தில் நகர இடமில்லை, மழை வேறு. அப்பா சைக்கிளை உருட்டினார், அதில் அரிசியும் தம்பியும். அம்மா கையில் ஒரு சொப்பின் பை, பிளாஸ்டிக் பை, மட்டும். எங்கள் பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், அடையாள அட்டை, காணி உறுதி. மழைக்கு அதை இன்னொரு சொப்பினுக்குள் போட்டுக் கட்டி, சட்டைக்குள் வைத்துக்கொண்டு நடந்தா.

இப்ப கனடா வந்து இருபது வருசம் கடந்துவிட்டது. அந்தப் பை கதவுக்குப் பின்னால் கொழுவியில் தொங்குது. பை மாறியிருக்கு, இடம் மாறவில்லை. பாஸ்போட் புதுப்பித்தால் பழையதை எடுத்துப் புதியதை வைப்பா. நான் ஒழுங்கு, மினிமலிசம் என்று ஒரு காலம் பிடித்து அலைந்தேன். ஒரு சனிக்கிழமை வீடு கூட்டும்போது அந்தப் பையை எடுத்து அலுமாரிக்குள், நல்ல பெட்டியில், பெயரெழுதி வைத்தேன். அம்மா ஏசவில்லை. ஒரு கதிரையை இழுத்துக் கதவடியில் போட்டு இருந்துவிட்டா. சாப்பிடக் கூப்பிட்டும் வரவில்லை. எனக்கு விளங்கப் பின்னேரம் ஆகிவிட்டது.

திருப்பிக் கொழுவினேன். எழும்பிப் போய்த் தேத்தண்ணி போட்டா.

மதுரைக்காரி:
அந்தப் பையில் கற்பூர டப்பா இருக்கிறதா?

ஸ்கார்பரோ:
இப்பதான் பார்த்தேன். இல்லை. திருநீறு இருக்கு, மருந்துப் போத்தலில்.