கேம் ஆடும்போது மட்டும் மொத்தமா உறைஞ்சு போகுது: எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை) மாத்தணுமா?

வைகைகேமர்

வணக்கம். கேம் ஆரம்பிச்சு 15 நிமிஷத்துக்கு மேல, எப்படியும் 40 நிமிஷத்துக்குள்ள திரை அப்படியே நின்னுடுது. கடைசியா வந்த சத்தம் ரெண்டு செகண்ட் "ர்ர்ர்"னு இழுத்துட்டு அடங்குது. மவுஸ் அசையாது, பவர் பட்டனை அழுத்திப் பிடிச்சு அணைக்கிறதைத் தவிர வழியில்ல. நீலத்திரை வர்றதில்ல, தானா ரீஸ்டார்ட் ஆகுறதும் இல்ல. பிரவுசர், யூடியூப், ஆபீஸ் வேலைன்னா நாள் பூரா ஒழுங்கா ஓடுது.

ரைசன் 5 5600எக்ஸ் சிபியு, பி450 போர்டு, ஆர்டிஎக்ஸ் 3060 டிஐ கிராஃபிக்ஸ் கார்டு, 650 வாட் ப்ரான்ஸ் எஸ்எம்பிஎஸ், விண்டோஸ் 11. ரேம் டிடிஆர்4 3600, 8 ஜிபி ஸ்டிக் 4. ரெண்டு பழசு, ரெண்டு போன மாசம் அதே மாடல் பார்த்து வாங்கினது. எக்ஸ்எம்பி (ரேமை அதோட பெட்டியில போட்டிருக்கிற வேகத்துல ஓட்டுற செட்டிங்) ஆன்ல இருக்கு. கேம் ஓடும்போது சிபியு 78 டிகிரி, கார்டு 74 டிகிரி.

டிரைவரை முழுசா எடுத்துட்டுப் புதுசா போட்டாச்சு, விண்டோஸும் ரீஇன்ஸ்டால் பண்ணியாச்சு. ஈவன்ட் வியூவர்ல (விண்டோஸோட பதிவேடு) கெர்னல்-பவர் 41 மட்டும்தான் இருக்கு. "பவர்"னு வர்றதால எஸ்எம்பிஎஸ்தான்னு கடையில சொல்றாங்க. மாத்திடலாமா?

நீலத்திரை

இப்போதைக்கு வாங்காதீங்க. கெர்னல்-பவர் 41 காரணத்தைச் சொல்ற பதிவே இல்ல. "போன தடவை விண்டோஸ் முறையா ஷட்டவுன் ஆகல"ன்னு அடுத்த தடவை பூட் ஆகும்போது எழுதி வைக்கிறது, அவ்வளவுதான். நீங்க பவர் பட்டனை அழுத்திப் பிடிச்சு அணைச்சதாலயே அது வந்திருக்கும். இந்தப் பதிவை நம்பி நல்ல எஸ்எம்பிஎஸ்ஸைத் தூக்கிப் போட்டவங்க நிறைய.

உறையும் விதத்தைக் கவனிச்சாலே பாதி விடை கிடைச்சிடும். எஸ்எம்பிஎஸ் தாங்கலைன்னா அதோட பாதுகாப்பு சர்க்யூட் வெட்டிவிடும். மெஷின் பெரும்பாலும் டக்குனு அணையும் இல்ல ரீஸ்டார்ட் ஆகும். கார்டு மட்டும் மாட்டிக்கிச்சுன்னா படம் நின்னாலும் சத்தம் பெரும்பாலும் ஓடிக்கிட்டே இருக்கும். விண்டோஸ் 2 செகண்ட் காத்திருந்து டிரைவரை ரீசெட் பண்ணப் பார்க்கும், டிஸ்பிளே 4101னு ஒரு பதிவும் விழும். உங்களுக்கு இது ரெண்டுமே இல்ல. படம், சத்தம், மவுஸ் எல்லாம் ஒண்ணா நிக்குது. அடுத்த தடவை உறைஞ்சதும் கேப்ஸ் லாக்கைத் தட்டிப் பாருங்க. விளக்கு மாறலைன்னா சிபியு, ரேம், போர்டு பக்கம்தான் முதல்ல தேடணும்.

போன மாசம் மாறினது ரேம். பயாஸ் (போர்டோட அடிப்படை செட்டிங்) போய் எக்ஸ்எம்பியை ஆஃப் பண்ணிட்டு அதே கேமை 3 மணி நேரம் ஆடிப் பாருங்க. செலவு ஒண்ணும் கிடையாது.

செப்புக்கம்பி

வாட் கணக்கும் இடிக்கல. 3060 டிஐ 200 வாட், 5600எக்ஸ் அதிகபட்சம் 76 வாட், போர்டு, ஃபேன், எஸ்எஸ்டி எல்லாம் சேர்த்து 50 வாட்னு வைங்க. 330 வாட்டுக்குள்ள முடிஞ்சிடுது, 650 தாராளம். கார்டோட 8 பின் கனெக்டர் கிளிப் 'கிளிக்'னு உட்கார்ந்திருக்கான்னு மட்டும் ஒரு தடவை அழுத்திப் பார்த்துடுங்க. ஸ்ப்ளிட்டர், மோலெக்ஸ் கன்வர்ட்டர் எதுவும் நடுவுல இருக்கக் கூடாது. வெப்பமும் பிரச்சனையில்ல, அந்த சிபியுவோட எல்லை 95 டிகிரி, கார்டோடது 93.

நாலாம்ஸ்லாட்

எனக்கும் ரேம் மேலதான் சந்தேகம். 5600எக்ஸுக்கு ஏஎம்டி உத்தரவாதமா சொல்ற வேகம் ரெண்டு ஸ்டிக்குக்கு 3200. சிங்கிள் ரேங்க் (சிப் எல்லாம் ஒரே தொகுப்பா இருக்கிற) ஸ்டிக் நாலு போட்டா அது 2933, டூயல் ரேங்க் (ரெண்டு தொகுப்பு) நாலுன்னா 2667தான். 3600ங்கிறது ஓவர்கிளாக். ரெண்டு ஸ்டிக்குக்குப் பெரும்பாலும் தாங்கும். நாலு ஆகும்போது சிபியுக்குள்ள இருக்கிற மெமரி கன்ட்ரோலருக்குச் சுமை ஏறுது. பி450 போர்டுகள்ல ரேம் வயரிங் பெரும்பாலும் ரெண்டு ஸ்டிக்குக்கு ஏத்த மாதிரிதான் போட்டிருப்பாங்க.

இன்னொண்ணு. "அதே மாடல்"னு வாங்கினாலும் உள்ள இருக்கிற சிப் அதேதான்னு சொல்ல முடியாது. ஒரே மாடல் நம்பர்ல வேற வேற கம்பெனி சிப் போட்டு விக்கிறது சகஜம். எக்ஸ்எம்பி நேரக்கணக்கு (டைமிங்) ஒரு பெட்டிக்குள்ள வந்த ஜோடிக்கு மட்டும்தான் சோதிச்சது. ரெண்டு ஜோடியைக் கலந்தா அந்தக் கணக்குக்கு யாரும் பொறுப்பில்ல.

கேம்ல மட்டும் ஏன் வருதுன்னா, பிரவுசர் ரேமையும் கன்ட்ரோலரையும் அந்த அளவுக்கு வாட்டாது. அதோட கார்டு விடுற சூடான காத்து ரேம் பக்கம் ஏறுது. சூடு ஏற ஏற ரேம் செல்லுல இருக்கிற மின்னூட்டம் சீக்கிரம் கசியும். அடுத்த ரெஃப்ரெஷ் (மின்னூட்டத்தைத் திரும்ப நிரப்புறது) வர்றதுக்குள்ள ஒரு பிட் மாறிடலாம். 15 நிமிஷம் தாங்கிட்டு அப்புறம் விழறதுக்கு அது ஒரு காரணமா இருக்கலாம். நீலத்திரைகூட வராததுக்கும் விளக்கம் உண்டு: சிபியுவையும் ரேமையும் இணைக்கிற ஃபேப்ரிக்கே நின்னு போனா, பிழையை எழுதி வைக்க யாரும் மிச்சமில்ல.

எக்ஸ்எம்பி ஆன்ல வச்சே மெம்டெஸ்ட்86ங்கிற ரேம் சோதனை புரோகிராமை பென்டிரைவ்ல போட்டு ராத்திரி 4 பாஸ் (முழுச் சுத்து) ஓட விடுங்க. ஒரே ஒரு எரர் வந்தாலும் தேறலைன்னு அர்த்தம். எரர் இல்லாம முடிஞ்சாலும் ரேம் நல்லதுன்னு முடிவு கட்டிடாதீங்க, அந்த டெஸ்ட்ல கார்டு சும்மா இருக்கிறதால ரேம் அந்த அளவுக்கு சூடாகாது. அப்போ விண்டோஸ்ல ஓசிசிடிங்கிற புரோகிராமோட மெமரி டெஸ்டும் ஒரு கிராஃபிக்ஸ் லோடும் ஒரே நேரத்துல ஒரு மணி நேரம் ஓட்டிப் பாருங்க.

தென்றல்_பிசி

நடுவுல நுழையறதுக்கு மன்னிக்கணும். எனக்கும் இதே மாதிரி உறையுது, ஆனா சிபியு இன்டெல் ஐ7-13700கே. கேம் ஷேடர் (கிராஃபிக்ஸ் கார்டுக்கான சின்ன புரோகிராம்) தயார் பண்ணும்போது "வீடியோ மெமரி போதவில்லை"ன்னும் வருது. எக்ஸ்எம்பி ஆஃப் பண்ணியும் மாறல.

நீலத்திரை

உங்களோடது வேற கதை. இன்டெல் 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் சிபியுக்கள் பலதுல வோல்டேஜ் கூடிப்போய் சிப்பே தேயற பிரச்சனை இருக்கு. நீங்க சொல்ற மெசேஜ் அதோட பிரபலமான அறிகுறி; கார்டுல மெமரி நிறைய இருந்தாலும் வரும். 2024 ஆகஸ்ட்ல 0எக்ஸ்129, செப்டம்பர்ல 0எக்ஸ்12பின்னு மைக்ரோகோட் (சிபியுக்குள்ள ஏத்துற திருத்தம்) வந்துச்சு. போர்டு கம்பெனி தளத்துல இருக்கிற கடைசி பயாஸைப் போட்டு, இன்டெல் டிஃபால்ட் செட்டிங்ல வைங்க. ஆனா ஏற்கெனவே தேய்ஞ்ச சிப்பை மைக்ரோகோட் சரி பண்ணாது. அப்படியும் வந்தா வாரன்டில மாத்துங்க. பெட்டியோட வாங்கின இந்த சிபியுக்களுக்கு இன்டெல் 2 வருஷம் கூடுதல் வாரன்டி கொடுத்திருக்கு.

வைகைகேமர்

பார்த்துட்டேன். கேப்ஸ் லாக் விளக்கு மாறல. மெம்டெஸ்ட்ல ரெண்டாவது பாஸ்ல 11 எரர். எக்ஸ்எம்பி ஆஃப் பண்ணினதும் 3 மணி நேரம் ஆடினேன், உறையவே இல்ல. ஆனா வேகம் 2133க்கு இறங்கிடுச்சு, ஃப்ரேம் நல்லாவே குறையுது. புது ஸ்டிக்கைத் திருப்பிக் கொடுக்கணுமா?

நாலாம்ஸ்லாட்

முதல்ல ஸ்டிக் பழுதா, சேர்க்கைதான் பழுதான்னு பிரிச்சுடுங்க. புது ஜோடியை மட்டும் சிபியு பக்கத்துல இருந்து எண்ணி 2ஆவது, 4ஆவது ஸ்லாட்ல போட்டு எக்ஸ்எம்பியோட டெஸ்ட் ஓட்டுங்க. அப்புறம் பழைய ஜோடி. ஒரு ஜோடி தனியாவே எரர் காட்டினா அதை வாரன்டிக்குக் கொடுங்க. ரெண்டுமே தனித்தனியா தேறிடுச்சுன்னா ஸ்டிக் மேல தப்பில்ல.

அப்படின்னா நாலையும் போட்டு எக்ஸ்எம்பியை ஆன் பண்ணி, வேகத்தை மட்டும் கையால 3200க்கு இறக்குங்க. ஃபேப்ரிக் கிளாக் 1600. ரேம் வோல்டேஜ் 1.35, எஸ்ஓசி (சிபியுக்குள்ள மெமரி கன்ட்ரோலர் இருக்கிற பகுதி) வோல்டேஜ் 1.1, இதை 1.2க்கு மேல ஏத்தவே வேண்டாம். கியர் டவுன் மோடு (ரேமுக்குப் போற கட்டளை நேரத்தைத் தளர்த்துறது) எனேபிள். திரும்ப 4 பாஸ். அதுலயும் எரர்னா 2933. நாலு ஸ்டிக்கால ரேங்க் இன்டர்லீவிங் (ஒரு ரேங்க் வேலையில இருக்கும்போது இன்னொண்ணைப் பயன்படுத்துறது) கிடைக்கிறதால 3600ல இருந்து 3200க்கு வந்தாலும் கேம்ல பெரிய இழப்பு தெரியாது. ஸ்கிரீனே வராம நின்னா பதறாதீங்க: பவர் கார்டைக் கழட்டிட்டு போர்டுல இருக்கிற வட்ட பேட்டரியை 5 நிமிஷம் எடுத்து வச்சுத் திரும்பப் போட்டா பயாஸ் பழைய நிலைக்கு வந்துடும்.

செப்புக்கம்பி

ஒண்ணு சேர்த்துக்கிறேன். எரர் கொடுக்கிற ரேமோட விண்டோஸை இன்ஸ்டால் பண்ணியிருக்கீங்க. டிஸ்க்ல எழுதினதுலயும் பிட் மாறியிருக்கலாம். ரேம் தேறின பிறகு அட்மின் கமாண்ட் ப்ராம்ட்ல விண்டோஸ் ஃபைலைப் பழுது பார்க்கிற ரெண்டு கட்டளை, முதல்ல டிஸ்ம் ரீஸ்டோர் ஹெல்த், அடுத்து சிஸ்டம் ஃபைல் செக்கர் ஓட்டுங்க. கேம் லாஞ்சர்லயும் ஃபைல் சரிபார்ப்பு கொடுங்க. போன ஒரு மாசத்துல காப்பி பண்ணின போட்டோ, டாக்குமென்ட் எல்லாம் திறக்குதான்னு பார்த்துட்டு அப்புறம் மூலத்தை அழிங்க.

வைகைகேமர்

ரெண்டு ஜோடியும் தனித்தனியா 3600ல எரர் இல்லாம தேறிடுச்சு. நாலும் சேர்த்து 3200, எஸ்ஓசி 1.1ல 4 பாஸ் சுத்தம். நேத்து 5 மணி நேரம் கேம் ஓடுச்சு, ஒரு தடவைகூட நிக்கல. சிஸ்டம் ஃபைல் செக்கர் கெட்டுப்போன ஃபைலைக் கண்டுபிடிச்சு சரி பண்ணிடுச்சு. எஸ்எம்பிஎஸ் வாங்கல. ரொம்ப நன்றி எல்லாருக்கும்.