பழைய ஆர்எக்ஸ்-8 ஸ்டார்ட் ஆகவில்லை: கம்ப்ரஷன் போய்விட்டதா, பெட்ரோல் அளவுக்கு மீறி நிரம்பிவிட்டதா?

அனைவருக்கும் வணக்கம். அண்மையில் நான் வாங்கிய 2004 மாடல் மஸ்டா ஆர்எக்ஸ்-8 காரில் ஸ்டார்ட்டர் மோட்டார் வேகமாகச் சுற்றுகிறது. எஞ்சின் மட்டும் பிடிக்க மறுக்கிறது. கொஞ்சம் அடம்பிடிக்கும் என்று விற்றவர் சொன்னது இதைத்தான் போலும். நான்கு ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றியபோது, முன் ரோட்டருடைய (பிஸ்டனுக்குப் பதிலாகச் சுழலும் முக்கோண வடிவப் பாகம்; இந்த எஞ்சினில் முன்னும் பின்னுமாக இரண்டு உண்டு) இரண்டும் பெட்ரோலில் ஊறி முனை கறுத்திருந்தன. பின்னவை உலர்ந்தே இருந்தன. புதிய பிளக்குகளைப் போட்டு, பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்கள் நிற்கும்படி ஆக்சிலரேட்டரை முழுவதும் மிதித்துச் சுற்றவிட்டும் பயனில்லை.

பேட்டரி புதியது, பெட்ரோல் பம்ப் ஓடும் சத்தமும் கேட்கிறது. ஆகவே பிளக்குக்கு உயர் மின்னழுத்தம் தரும் இக்னிஷன் காயிலையும், அதைவிட அதிகமாக, ரோட்டரின் முனைகளில் அழுத்தம் கசியாமல் தடுக்கும் ஏபெக்ஸ் சீல்களையும் சந்தேகிக்கிறேன். சாதாரண கம்ப்ரஷன் கேஜ் ரோட்டரின் மூன்று முகங்களில் மிக உயர்ந்த அழுத்தத்தை மட்டுமே பிடித்துவைத்துக் காட்டும் என்பதால், ஒரு சீல் உடைந்திருந்தாலும் அது மறைந்துபோகலாம். இத்தகைய ரோட்டரி எஞ்சினுக்கென்றே உள்ள சோதனைக் கருவி என்னிடம் இல்லாத நிலையில், கேஜில் அழுத்தத்தைப் பிடித்துவைக்கும் வால்வை நீக்கிவிட்டு, முள் துடிப்பதை வீடியோ எடுத்து மூன்று துடிப்புகளையும் ஒப்பிடுவது நம்பத்தக்கதா? முன் ரோட்டர் மட்டும் நனைகிறது என்றால் காயில், கசியும் இன்ஜெக்டர் ஆகியவற்றில் எதை முதலில் சோதிப்பது? இந்த எஞ்சினைக் கையாண்டவர்கள் தயவுசெய்து வழிகாட்டுங்கள்.