அட்டோர்வாஸ்டாட்டினோடு ஃப்ளுவாக்சமின்: எந்த மாத்திரையை மாற்றக் கேட்பது?

வணக்கம். குடியாத்தம் நெசவாளர் ஒருத்தருக்காகக் கேட்கிறேன், அவருக்கு வயது 61. கொழுப்பைக் குறைக்கிற ஸ்டாட்டின் மாத்திரையான அட்டோர்வாஸ்டாட்டின் 40 மி.கி. ரெண்டு வருஷமா ராத்திரியில், தொந்தரவே இல்லை. ஐந்து வாரம் முன்னாடி மனநல மாத்திரை ஃப்ளுவாக்சமின் 50 மி.கி. ஆரம்பிச்சாங்க, அப்புறம் 100. மூணாவது வாரத்திலிருந்து ரெண்டு தொடையும் கடுக்குது. குழித்தறியிலிருந்து கையை ஊன்றாம எழ முடியல.

சிபிகே (தசை பாதிச்சா ரத்தத்தில் ஏறுற நொதி) 780, அதிகம்தான். கிரியேட்டினின், தைராய்டு சரி, சிறுநீர் கறுக்கல. வைட்டமின் டி கொடுத்தும் பலனில்லை. ஃப்ளுவாக்சமின் கல்லீரலில் அட்டோர்வாஸ்டாட்டினைச் சிதைக்கிற சிஒய்பி3ஏ4 நொதியைத் தடுக்கும், அதனால ஸ்டாட்டின் ரத்தத்தில் ஏறுதுன்னுதான் தோணுது. டாக்டர் சொல்லி அட்டோர்வா நிறுத்தி 4 நாள். மனநல மாத்திரையைத் திடீர்னு நிறுத்த மனசில்லை. இப்போதான் மனுஷர் தூங்குறார்.

திங்கள்கிழமை வேலூரில் ரெண்டு டாக்டரையும் பார்க்கணும். சிபிகே இறங்கினதும் அந்த நொதியை அதிகம் நம்பாத இன்னொரு ஸ்டாட்டினான ரோசுவாஸ்டாட்டின் கேட்கிறதா, ஃப்ளுவாக்சமினுக்குப் பதில் வேறொரு மனநல மாத்திரையான செர்ட்ராலின் கேட்கிறதா, எது முதலில்?