காசல்ரி நீர்த்தேக்கத்தில் கரையிலிருந்து தூண்டில் போடப் பழகுவது எப்படி?

நோர்வுட் புதியவன்:

அனைவருக்கும் வணக்கம். நோர்வுட் பக்கத்துத் தோட்டமொன்றில் வசிக்கிறேன். அண்மையில் ஒரு றொட்டும் றீலும் வாங்கி, ஹட்டன் வீதியோரமாகக் காசல்ரியில் தூண்டில் போடப் பழகி வருகிறேன். வார இறுதியில் அங்கே நிற்க இடம் கிடைப்பதே அரிது. தோட்டத்துப் பிள்ளைகள், சுற்றுலா வந்தவர்கள், வலைக்காரர்கள் என எல்லோரும் வாகனம் நிறுத்த வசதியான அந்த ஒரு சில வளைவுகளிலேயே கூடுகிறார்கள். மீன்கள் மேலே வந்து வாய் திறப்பது கண்ணுக்குத் தெரிகிறது. ஆனால் என் இரையைச் சீண்டுவதில்லை. அமெரிக்கர்கள் பாஸ் மீன் பிடிக்கும் காணொளிகளைப் பார்த்து, மின்னும் தகட்டு இரைகளும் ரப்பர்ப் புழுக்களும் வாங்கி வைத்திருக்கிறேன். ஆட்கள் நெருக்கியடிக்கும் ஏரிகளுக்கென்று அவர்கள் சொல்லும் உபாயங்கள் நம் நீர்த்தேக்கத்துக்குப் பொருந்துமா? அண்ணன்மார், அனுபவமுள்ள பெரியவர்கள் வழி சொன்னால் உதவியாக இருக்கும்.

மவுசாகலைக் கரை:

தம்பி, முதலில் எந்த மீனைத் தேடுகிறீர்கள் என்பதைத் தீர்மானியுங்கள். பாஸ் வட அமெரிக்க மீன். மறைவில் பதுங்கியிருந்து சிறு மீன்களைப் பாய்ந்து பிடிக்கும் வேட்டை மீன். காசல்ரியில் உங்கள் தூண்டிலுக்குப் பெரும்பாலும் வரக்கூடியவை திலாப்பியாவும் காப் எனப்படும் கெண்டையுமே. 1952இல் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட திலாப்பியா, பாசியையும் அடிமண்ணிலுள்ள மக்கிய கழிவுகளையும் சிறு பூச்சிகளையும் கொறித்துத் தின்னும் இனம். தகட்டு இரையைத் துரத்திக்கொண்டு வருவது அதன் வழக்கமல்ல. அந்த இரைகளைப் பத்திரமாக வைத்திருந்து, தாழ்நிலக் குளங்களில் விராலுக்கோ நீர்கொழும்புக் களப்பில் கொடுவாவுக்கோ போடுங்கள்.

கூட்டம் கூடும் கரையில் தடித்த தங்கூசியும் (தூண்டில் நரம்பும்) பெரிய முள்ளும் வேலைக்கு ஆகாது. ஆறு இறாத்தல் தாங்கும் மெல்லிய நரம்பும், 10 அல்லது 12ஆம் இலக்க முள்ளும் போதும். (இலக்கம் கூடக்கூட முள் சிறியதாகும் என்பதைக் கடைக்காரர்கள் எல்லோரும் சொல்லித் தருவதில்லை.) திலாப்பியாவின் வாய் சிறியது, இரையை விழுங்காமல் ஓரத்தைக் கடித்து இழுக்கும். ஆகவே பாண் உருண்டையைப் பட்டாணிக்கு மேல் பெரிதாக்காதீர்கள். தக்கை நிமிர்ந்து நிற்கும் அளவுக்கு மட்டும் ஈயம் இட்டால், மீன் தொட்டவுடன் அது அசைவது தெரியும். கெண்டைக்குக் கோதுமை மாவோடு சிறிது புண்ணாக்கைப் பிசைந்து அடியில் கிடக்க விடலாம்.

இவை எல்லாவற்றையும்விடப் பயன் தருவது ஒன்று உண்டு. பெப்ரவரி முதல் ஏப்ரல் வரை நீர் இறங்கும்போது தூண்டிலை வீட்டில் வைத்துவிட்டு, கரையோரமாக நடந்து பாருங்கள். 1965இல் அணை முடிந்து நீர் நிரம்புவதற்கு முன்னிருந்த பாதைத் தடங்கள், மரக்கட்டைகள், கல் கட்டுகள், ஓடைகளின் பழைய பள்ளங்கள் யாவும் வெளியே தெரியும். அவற்றைப் படமெடுத்து, கரையிலுள்ள மரத்தையோ பாறையையோ அடையாளமாகக் குறித்துக்கொள்ளுங்கள். தென்மேற்குப் பருவமழையில் நீர் ஏறிய பிறகு மற்றவர்கள் வெறும் நீர்ப்பரப்பைப் பார்த்து எறிவார்கள். நீங்கள் தரையைத் தெரிந்து எறிவீர்கள். பக்கத்து மவுசாகலை நீர்த்தேக்கத்தில் நீர் வற்றினால், அதில் மூழ்கிய பழைய மஸ்கெலியா நகரின் வழிபாட்டிடங்களே வெளித்தெரியும். அவ்விடங்களில் நான் தூண்டில் போடுவதில்லை. அது என் மனத்தின் விஷயம்.

ஸ்காபரோ டிக்கோயாக்காரன்:

நான் டிக்கோயாவில் வளர்ந்து இப்போது கனடாவில் பாஸ் பிடிப்பவன். அண்ணர் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனாலும் அந்தக் காணொளிகளை முற்றாகத் தள்ளிவிட வேண்டாம். இங்கே பிடித்த மீனைத் திரும்ப விடுவது பெருவழக்கம் என்பதால், ஒரே மீன் பல தடவை முள்ளில் மாட்டித் தப்பிச் சில வகை இரைகளைத் தவிர்க்கப் பழகிவிடுகிறது. அதனால்தான் அத்தகைய ஏரிகளில் சத்தமிடும் பெரிய இரையை விட்டு, சிறிய புழுவை மெதுவாக அசைத்து நெடுநேரம் ஓரிடத்தில் வைத்திருக்கிறார்கள். நம் ஊரில் பிடிபட்ட மீன் சட்டிக்குத்தான் போகும்; ஆகவே உங்கள் மீன்கள் இரையை அறிந்து வெறுக்கின்றன என்பதைவிட, கரையின் சலசலப்புக்கு அஞ்சி ஒதுங்குகின்றன என்றே நினைக்கிறேன். நீர் விளிம்பிலிருந்து சில அடி பின்னால் நின்று, நிழல் நீரில் விழாமல், கல் உருளாமல் எறிந்து பாருங்கள். வீதியிலிருந்து இறங்கி நடக்க மனமில்லாதவர்கள்தான் பெரும்பான்மையினர். பத்து நிமிடம் நடந்தால் வேறு நீர்த்தேக்கத்துக்கு வந்ததுபோல் இருக்கும். முடிந்தால் கிழமை நாளொன்றில் விடியற்காலையில் போங்கள்.

தேயிலைமலை ஆசிரியை:

விடியற்காலை என்ற ஆலோசனையில் எனக்கு உடன்பாடில்லை. திலாப்பியா வெப்பநாட்டு மீன்; நீரின் வெப்பம் 20 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்கினால் அது உணவெடுப்பது வெகுவாகக் குறைந்துவிடும். காசல்ரி கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,100 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. மார்கழி, தை மாதங்களில் பனி விலகுவதற்கு முன் போய் நின்றால் கை விறைப்பதுதான் மிச்சம். வெயில் ஏறி ஆழமற்ற ஓரங்கள் சற்றுச் சூடான பின், காலை பத்து மணி தொடக்கம் பிற்பகல் வரை, வெயில் படும் கரையைப் பார்த்துப் போடுவதே அக்காலத்தில் பொருத்தம். கூட்டமும் அந்நேரத்தில்தான் வரும் என்பது உண்மை. அதற்குத்தான் மேலே சொன்ன நடை. முதல் மழைகளின்போது மட்டும் என் கணக்கு வேறு. ஓடை கலங்கி நீர்த்தேக்கத்தில் சேரும் வாயருகே, தெளிந்த நீரும் கலங்கிய நீரும் சந்திக்கும் கோட்டில் மண்புழுவைப் போட்டால், மணி பார்க்க வேண்டியதில்லை.

நோர்வுட் புதியவன்:

மிக்க நன்றி. இன்னொரு சந்தேகம். ஆழமற்ற இடங்களில் தட்டு வடிவில் குழிகள் தெரிகின்றன. அவற்றின் மேலே ஒரு மீன் சுற்றிக்கொண்டே நிற்கிறது. அதைப் பிடிப்பது முறையா?

மவுசாகலைக் கரை:

அவை ஆண் திலாப்பியா தோண்டிய குழிகள். அருகே வரும் எதையும் விரட்டக் கடிக்கும் என்பதால், பிடிப்பது எளிது. பாஸ் மீனில் ஆண்தான் முட்டையையும் குஞ்சுகளையும் காவல் காக்கிறது. அதைத் தூக்கிவிட்டால் கூட்டிலுள்ளவை மற்ற மீன்களுக்கு இரையாகும். அதனால் கனடாவின் தெற்கு ஒன்ராறியோவில் பல ஏரிகளில் ஜூன் மாதம்தான் பாஸ் பிடிக்கும் பருவம் திறக்கிறது என்று சொல்வார்கள். டிக்கோயாத் தம்பிக்குத் தெரிந்திருக்கும். நம் நீர்த்தேக்கத் திலாப்பியாவிலோ பெண் மீன் முட்டைகளை வாயில் எடுத்துக்கொண்டு விலகிவிடுகிறது. குழியில் நிற்பது அடுத்த துணைக்குக் காத்திருக்கும் ஆண். ஆகவே அதைப் பிடிப்பதால் குஞ்சுகள் அழியா. வாயில் முட்டையோ குஞ்சோ வைத்திருக்கும் பெண் பெரும்பாலும் இரை எடுக்காது. தப்பித் தவறி மாட்டினால், நீரிலிருந்து தூக்காமலே முள்ளைக் கழற்றி விடுங்கள்.

குழி தேடி நீர் வற்றிய ஓரத்தில் இறங்கும்போது கவனம். மேலே காய்ந்து வெடித்திருக்கும் சேறு, கீழே முழங்கால் வரை இளகியிருக்கும். தனியாகப் போகாதீர்கள், ஒரு கம்பால் ஊன்றிப் பார்த்த பின்னரே காலை வையுங்கள். அணைக்கட்டை அண்டிய பகுதிக்கு மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் தூண்டிலோடு போக வேண்டாம்.