அம்மாவுக்கு ஏற்ற கவுன்சலர் கேஎல்-இல் (கோலாலம்பூரில்) யாராவது?

அப்பா போனதிலிருந்து அம்மா சரியாகத் தூங்குவதில்லை. செந்தூலில் என்னோடுதான் இருக்கிறார். ஒரு கவுன்சலரிடம் கூட்டிப்போனேன், அவர் முதல் நாளே "மகனைச் சாராமல் தனியாக வாழப் பழகுங்கள்" என்றதும் அம்மா வீட்டுக்கு வந்து, என்னைத் துரத்தப் பார்க்கிறாயா என்று ஒரே அழுகை. தமிழ் பேசுபவர் கிடைத்தால் சரியாகுமா?

பதில் 1: தமிழ் மட்டும் போதாது தம்பி. என் தங்கை போகிறவர் சீனப் பெண்மணி, மலாயில்தான் பேச்சு. மாமியார் கனவில் வந்தார் என்று இவள் சொன்னபோது உடனே நோய்ப் பெயர் வைக்காமல், உங்கள் வீட்டில் அதை எப்படி எடுத்துக்கொள்வீர்கள், திதி கொடுத்தீர்களா என்றுதான் கேட்டாராம்.

பதில் 2: அக்கா சொல்வது சரி. ஆனால் நம் ஆள் என்றால் ஊருக்கே தெரிந்துவிடும் என்று பயப்படுபவர்களும் உண்டு, அம்மாவிடமே கேளுங்கள். அப்புறம், 1998 கவுன்சலர் சட்டப்படி பதிவு கட்டாயம், பெயருக்குப் பின்னால் கே.பி. (KB, பதிவு பெற்ற கவுன்சலர்), பி.ஏ. (PA, தொழில் செய்வதற்கான சான்று) இருக்கிறதா பாருங்கள்.

கேட்டவர்: நன்றிக்கா. அம்மா பெண் கவுன்சலர்தான் வேண்டுமாம், நான் வெளியே உட்காரணுமாம்.