காசு கொடுத்துக் கேட்கும் நிதி ஆலோசனை: மனதை விட்டுப் போகாத ஒரு சந்திப்பு (நால்வரின் உரையாடல், ஒவ்வொரு பதிவுக்கும் மேலே எழுதியவரின் புனைபெயர்)

காவிரிக்கரை

ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவரின் ஃபைல். பணிக்கொடை, பிஎஃப் எல்லாம் சேர்த்து 42 லட்சம். வங்கிக் கிளையில் உட்காரும் "வெல்த் அட்வைசர்" திட்டம் போட்டுத் தந்திருக்கிறார், கட்டணம் எதுவும் இல்லை. 30 லட்சம் மியூச்சுவல் ஃபண்டில், ஆண்டுக்கு 3 லட்சம் பிரீமியத்தில் 10 ஆண்டு கட்டும் எண்டோமென்ட் பாலிசி (சேமிப்போடு சேர்ந்த ஆயுள் காப்பீடு), மீதி டெபாசிட். 60 வயதில், பென்ஷனை நம்பி இருப்பவருக்கு!

கண்ணை விட்டு அகலாதது கடைசிப் பக்கம். கையெழுத்துக்குக் கீழே பொடி எழுத்தில் ஓர் எண், ஏஆர்என் என்று தொடங்குகிறது. அது மியூச்சுவல் ஃபண்ட் நிறுவனங்களின் சங்கமான ஆம்ஃபி, ஃபண்ட் விற்கும் விநியோகஸ்தருக்குத் தரும் எண். பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியில் பதிவான முதலீட்டு ஆலோசகர் என்றால் எண் ஐஎன்ஏ என்று தொடங்க வேண்டும். முதலாமவருக்கு ஃபண்ட் நிறுவனம் கமிஷன் தருகிறது, இரண்டாமவருக்கு நாம் கட்டணம் தருகிறோம். ஆலோசகராகப் பதிவு செய்யாத விநியோகஸ்தர் "அட்வைசர்" என்று பெயர்ப்பலகை வைக்கக் கூடாது என்று 2020 திருத்தத்திலேயே இருக்கிறது.

பாலிசிப் பத்திரம் கைக்கு வந்து 19 நாள் ஆகிறது. பிடிக்காவிட்டால் பாலிசியைத் திருப்பித் தரக்கூடிய ஃப்ரீ லுக் காலம் 30 நாள். ரத்துக் கடிதம் கொடுத்தால் முத்திரைத்தாள் செலவு, மருத்துவப் பரிசோதனைச் செலவு, கழிந்த நாட்களுக்கான காப்பு பிரீமியம் போக மீதி திரும்ப வரும்.

பேரேடு

"கட்டணம் இல்லை" என்றதன் விலையை ரூபாயிலேயே பார்க்கலாம். ஃபண்ட் கணக்குகளைப் பராமரிக்கும் கேம்ஸ் அல்லது கேஃபின்டெக் தளத்தில் பான் எண், மின்னஞ்சல் கொடுத்தால் தொகுப்புக் கணக்கறிக்கை வரும். ஆனால் கமிஷன் விவரம் மார்ச், செப்டம்பர் முடிவில் வரும் அரையாண்டு அறிக்கையில்தான் இருக்கும். விநியோகஸ்தருக்குப் போன தொகை ஸ்கீம் வாரியாக அதில் அச்சாகியிருக்கும். நிறையப் பேர் அந்த மின்னஞ்சலைத் திறப்பதே இல்லை. 30 லட்சத்துக்கு 0.8% என்றால் ஆண்டுக்கு 24,000. ஃபண்டை வைத்திருக்கும் வரை ஆண்டுதோறும் போகும்.

நெல்லைச்சீமை

காவிரிக்கரை சொல்வதில் பாதிதான் சரி. ஏஆர்என் வைத்திருப்பவரெல்லாம் ஏமாற்றுக்காரர் இல்லை. மாதம் 5,000 எஸ்ஐபி (தவணை முதலீடு) போடுகிறவர் ஆலோசகருக்கு 25,000 கட்டணம் எங்கிருந்து கொடுப்பார்? அவருக்குப் படிவம் நிரப்பி, நாமினி சேர்த்து, சந்தை விழும்போது பயந்து வெளியே வராமல் பார்த்துக்கொள்வது அந்த விநியோகஸ்தர்தான். விநியோகஸ்தர் என்று சொல்லிவிட்டு விற்றால் அதில் குற்றம் இல்லை.

ஐஎன்ஏ எண் இருந்தாலும் கோளாறு வரும். ஓர் ஆலோசகர், நிர்வகிக்கும் தொகையில் ஆண்டுக்கு 1% வாங்குபவர். வாடிக்கையாளர் கேட்டது ஒரே கேள்வி: "15 லட்சம் வீட்டுக் கடன், 9% வட்டி. ஃபண்டை விற்று அடைத்துவிடலாமா?" பதில் உடனே வந்தது, "வேண்டாம், விட்டுவையுங்கள்." அடைத்திருந்தால் ஆலோசகருக்கு ஆண்டுக்கு 15,000 குறைந்திருக்கும். அவர் சொன்னது சரியாகக்கூட இருக்கலாம். ஆனால் அந்தப் பதிலை நம்ப முடியாத இடத்தில் வாடிக்கையாளர் நிற்கிறார், அதுதான் கோளாறு. மனை வாங்குவது, கடன் அடைப்பது, அஞ்சலகத்தில் போடுவது என்று எதைக் கேட்டாலும் இதே சிக்கல்தான்.

சதவீத முறையில் உச்சவரம்பு ஆண்டுக்கு 2.5%. நிலைக் கட்டண முறையில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 1,51,000 (முன்பு 1,25,000). 40, 50 லட்சத்துக்கு மேல் வைத்திருப்பவர் நிலைக் கட்டணமே கேட்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கடைமடை

யாரும் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். ஓர் ஆலோசகரின் மேசையில் ஒப்பந்தத்துக்குப் பக்கத்தில் இன்னொரு விசிட்டிங் கார்டு இருந்தது. அவர் மனைவியுடையது, ஏஆர்என் எண்ணோடு. "ஃபண்ட் வாங்குவதை அவங்க பார்த்துப்பாங்க." இது கூடவே கூடாது. ஆலோசனை பெறும் வாடிக்கையாளருக்கு ஆலோசகரின் குடும்பத்தினர் விநியோகஸ்தராக இருக்க விதி இடம் தரவில்லை.

அதனால் முதலில் செபி தளத்தில் பதிவுபெற்ற முதலீட்டு ஆலோசகர் பட்டியலைத் திறந்து ஐஎன்ஏ எண்ணைப் போடுங்கள். எண் இருப்பது மட்டும் போதாது. வேறொருவர் எண்ணைத் திருடி டெலிகிராமில் போட்டு ஆள் பிடிக்கிறார்கள். பட்டியலில் உள்ள மின்னஞ்சலுக்கு நீங்களே எழுதி, "இந்தக் கைப்பேசி எண் உங்களுடையதா?" என்று கேட்டு உறுதி செய்யுங்கள். ஐஎன்எச் என்று தொடங்கினால் அவர் ஆய்வாளர். பங்கைப் பரிந்துரைக்கலாம், உங்கள் குடும்ப நிதித் திட்டம் அவர் வேலை இல்லை.

பிறகு வரிசை முக்கியம். ரிஸ்க் கேள்வித்தாள், எழுத்தில் ஒப்பந்தம், அதன் பிறகுதான் பணம். பணம் முதலில் என்றால் எழுந்து வந்துவிடுங்கள். ரொக்கம் கூடாது, ஒப்பந்தத்தில் உள்ள அதே பெயரில் இருக்கும் வங்கிக் கணக்குக்குத்தான் போக வேண்டும். முன்பணம் அதிகபட்சம் ஓராண்டுக்கு. இடையில் விலகினால் மீதிக் காலத்துக்குரிய தொகை திரும்ப வர வேண்டும், அவர் பிடித்துக்கொள்ளலாம் என்றால் அதிகபட்சம் ஒரு காலாண்டுக் கட்டணம். ஜிஎஸ்டி 18% சேர்த்தா சேர்க்காமலா என்பதை முதல் பேச்சிலேயே கேளுங்கள், 25,000 என்று சொன்னது 29,500 ஆகி நிற்கும். பாஸ்வேர்டு, ஓடிபி, பவர் ஆஃப் அட்டர்னி எதுவும் தர வேண்டாம். "இத்தனை சதவீதம் நிச்சயம்" என்ற சொல் வாயில் வந்தாலே பேச்சு முடிந்தது. புகார் என்றால் முதலில் அவருக்கே எழுத்தில், தீராவிட்டால் செபியின் ஸ்கோர்ஸ் தளத்தில்.

பேரேடு

இன்னொன்று. "ரெகுலரிலிருந்து எல்லாவற்றையும் இன்றே டைரக்டுக்கு மாற்றுங்கள்" என்று முதல் நாளே சொல்லும் ஆலோசகரையும் பார்க்கிறோம். ரெகுலர் என்பது விநியோகஸ்தர் கமிஷன் உள்ள வகை, டைரக்ட் அது இல்லாத வகை. வரிச் சட்டத்தில் அது விற்பனை. பழைய ஈக்விட்டி ஃபண்டில் 9 லட்சம் நீண்டகால லாபம் இருந்தால் 1.25 லட்சம் விலக்கு போக 7.75 லட்சத்துக்கு 12.5%, செஸ் சேர்த்து 1,00,750 ரூபாய் கட்ட வேண்டும். புது எஸ்ஐபியை டைரக்டில் தொடங்கி, பழையதை ஆண்டுக்கு 1.25 லட்சம் லாபம் வரும் அளவுக்கு மட்டும் நகர்த்தினால் வரி வராது.

ஆசிரியை அம்மாவின் 30 லட்சம் புதிது, லாபம் பெரிதாக இருக்காது. ஆனால் ஓராண்டுக்குள் எடுத்தால் பல ஈக்விட்டி ஃபண்டில் 1% வெளியேறும் கட்டணம், அதாவது 30,000. அதே ஸ்கீமின் டைரக்டுக்கு மாறினாலும், விநியோகஸ்தர் வழியாக வாங்கியது என்பதால் அது உண்டு. ஒவ்வொரு ஸ்கீமுக்கும் தனித்தனியாகப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

காவிரிக்கரை

நெல்லைச்சீமை சொன்னதை ஏற்கிறேன், பெயர்ப்பலகைதான் என் புகார். ரத்துக் கடிதம் 23-ஆம் நாள் கிளையில் கொடுத்தாயிற்று. நகலில் தேதியோடு முத்திரை வாங்கியாயிற்று.

நிலைக் கட்டண ஆலோசகர் ஒருவரிடம் அதே ஃபைல் போனது. அவர் தந்த அறிக்கையின் முதல் வரி: மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம், 30 லட்சம், 8.2%, காலாண்டுக்கு 61,500 ரூபாய். வங்கி போட்ட திட்டத்தில் அந்தப் பெயரே இல்லை. அதற்கு முகவர் கமிஷனை 2011-லேயே நிறுத்திவிட்டார்கள்.